8 செ.மீ. பொய்

மவுஸால் ஒரு பெட்டியைப் பிடித்து இம்மியளவு தள்ளுகிறீர்கள். அதிலிருந்து புறப்பட்ட அம்பு அறுந்து தொங்குகிறது. அதை ஒட்டப் போனால் பக்கத்துப் பெட்டி நகர்கிறது. ஆபீஸில் படம் போட்டவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். இதற்கு எதற்கய்யா கம்ப்யூட்டர்? ஸ்கேலும் பென்சிலும் போதாதா?

1963-லேயே எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லேண்ட் இதற்கு வழி காட்டிவிட்டார். அவருடைய 'ஸ்கெட்ச்பேட்' புரோகிராமில் ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக நாலு கோடு போட்டுவிட்டு, 'இது ரெண்டும் இணை, அது ரெண்டும் சமநீளம்' என்று நிபந்தனை சொன்னால் போதும். டிஎக்ஸ்-2 கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, கோடுகளைத் தானே நகர்த்தி நிமிர்த்திவிடும். என்ன வேண்டும் என்பது நம் பாடு, எங்கே வைப்பது என்பது அதன் பாடு. இயந்திர பாகங்கள் வரையும் இன்ஜினியர்கள் எப்போதோ இதற்கு மாறிவிட்டார்கள். நாம்தான் இன்னும் பெட்டி தள்ளுகிறோம்.

'கை வலிதானே சார், போகட்டும்' என்பீர்கள். என் சண்டை வலிக்காக இல்லை. கையால் வரைந்த படம் கூசாமல் பொய் சொல்லும். ஒரு முக்கோணம் போட்டு, பக்கங்களில் 3 செ.மீ., 4 செ.மீ., 8 செ.மீ. என்று எழுதிப் பாருங்கள். லட்சணமாக இருக்கும், அச்சிலும் ஏறிவிடும். ஆனால் அப்படி ஒரு முக்கோணம் கிடையவே கிடையாது. மூணும் நாலும் சேர்ந்தாலும் ஏழுதானே, எட்டை எப்படித் தொடும்? பரப்பளவு கேட்டால், பாவம், பையன் ராத்திரியெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு தன்னைத்தான் மக்கு என்று நினைத்துக்கொள்வான். நிபந்தனைகளைத் தீர்த்து வரைகிற புரோகிராமோ, 'தீர்வு இல்லை' என்று முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் எனக்கு வேண்டும்.

இன்னொரு பொய் கொஞ்சம் நாசூக்கானது. 'ஏதாவது ஒரு முக்கோணம்' என்று எழுதிவிட்டு, இருசமபக்க முக்கோணமாக வரைந்து வைப்பது. வகுப்பே அதைப் பார்த்து இல்லாத சமத்தை நிரூபிக்கும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2020-ல் அறிமுகப்படுத்திய 'பென்ரோஸ்', கணிதக் குறிப்பை எழுதிக் கொடுத்தால் அதற்குப் பொருந்தும் படங்களை விதவிதமாக வரைந்து தருகிறது. நாலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது விதி, எது தற்செயல் என்று குழந்தைக்கே புரியும்.

இதிலும் குறை உண்டு. நிபந்தனை போதாவிட்டால் கோட்டின் மேல் எழுத்து ஏறி விகாரமாக வரும். 'அழகா இரு' என்பதைச் சமன்பாடாக எழுதுவது லேசில்லை. அழகை வேண்டுமானால் ஓவியரிடமே விடுங்கள். நீளங்களை மட்டுமாவது அச்சுக்குப் போகும் முன் இப்படி ஒரு புரோகிராமிடம் காட்டிவிடுங்கள், பாடப்புத்தகக்காரர்களே. அந்த 3, 4, 8 வாசலிலேயே நின்றுவிடும்.