புத்தகத்தை மூடிவிட்டுச் சொல், மகளே



பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. "பாஸ்டர், பிள்ளைக்குப் பரீட்சை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மும்பையின் பல பகுதிகளிலிருந்தும் தாய்மார் அழைக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு சகோதரி அதோடு நிறுத்தவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பெரியவள் இரவெல்லாம் விழித்திருந்து உயிரியல் படிக்கிறாள், மார்க் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார்கள். இந்த மாதம் அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். அது ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அல்லவே.

நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவள் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று ஏறக்குறைய எல்லா வரிகளுக்கும் வண்ணம் தீட்டியிருந்தாள். "ஐந்து முறை வாசித்துவிட்டேன், பாஸ்டர். வாசிக்கும்போது எல்லாம் தெரிகிறது. கேள்வித்தாளைக் கண்டால் ஒன்றும் வரவில்லை" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

அவளுடைய வேதனை எனக்குப் புதிதல்ல. வேதாகமக் கல்லூரியில் கிரேக்க மொழி வினைச்சொற்களை நானும் அப்படித்தான் படித்தேன். குறிப்பேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். பக்கம் பழகிப்போயிற்று, பாடம் பதியவில்லை. தேர்வு மண்டபத்தில், அந்தச் சொல் பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. சொல் வரவில்லை!

பிரியமானவர்களே, பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு. பாராமல் எடுத்துச் சொல்வது வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டு இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பாடத்தை இரண்டு முறை வாசித்தார்கள். மறு சாரார் ஒரு முறை வாசித்துவிட்டு, அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே அந்தத் தாயிடம் சொன்னேன்: "சகோதரி, புத்தகத்தை நீங்கள் வாங்கி மூடி வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்களுக்குத் தமிழில் பாடம் சொல்லட்டும். உங்களுக்கு விளங்காத இடத்தில் 'ஏன்?' என்று மட்டும் கேளுங்கள். அவள் தடுமாறுகிற இடம்தான் அவள் படிக்க வேண்டிய இடம்." அன்று மாலையே தொடங்கினோம்.

முதலாவது, செல். செல் பிரிதல் பதினோராம் வகுப்புப் பாடம். அந்தப் பழைய புத்தகம் பரணில் கிடந்தது. (அதைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், பன்னிரண்டாம் வகுப்பு மரபியலும் நீட் தேர்வும் அதைக் கேட்கும்.) "மனித செல்லில் 46 குரோமோசோம்கள், 23 ஜோடி. மைட்டாசிஸில் இரண்டு செல்கள் வரும், இரண்டிலும் 46. மியாசிஸில் நான்கு வரும், ஒவ்வொன்றிலும் 23" என்றாள். "ஏன் பாதியாக வேண்டும்?" என்றார் தாய். பிள்ளை யோசித்தாள். "அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23 சேர்ந்தால்தானே மறுபடியும் 46 ஆகும்! பாதியாகாவிட்டால் ஒவ்வொரு தலைமுறையிலும் இரட்டிப்பாகுமே" என்றாள். ஐந்து முறை வாசித்தும் அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

எந்தக் கட்டத்தில் பாதியாகிறது என்று நான் கேட்டேன். அங்கே தடுமாறினாள். பலரும் தவறுவது இங்கேதான். முதல் மியாசிஸின் அனாபேஸில் ஜோடிக் குரோமோசோம்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. எண்ணிக்கை அப்போதே பாதியாகிறது. சென்ட்ரோமியர் பிளந்து குரோமாட்டிடுகள் பிரிவது இரண்டாம் மியாசிஸின் அனாபேஸில். அம்மாவின் வளையல்களை இரண்டு இரண்டாகத் தரையில் வைத்து, நகர்த்திக் காட்டச் சொன்னேன். அதன் பிறகு அவள் குழம்பவில்லை.

இரண்டாவது, மரபியல். மெண்டல் பட்டாணிச் செடிகளில் ஏழு பண்புகளை ஆராய்ந்தார். இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதைகள் 5,474, சுருங்கிய விதைகள் 1,850, ஏறக்குறைய 3:1. இதை மனப்பாடம் செய்தால் மறந்துவிடும். அனாபேஸில் விலகிய அந்த ஜோடியை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஜோடி விலகுவதால் ஒவ்வொரு இனச்செல்லுக்கும் ஒரு காரணியே செல்கிறது. மெண்டல் சொன்ன பிரிதல் விதி இதுதான். குரோமோசோமை அறியாமலே அவர் விதியைக் கண்டார். 1902-ஆம் ஆண்டளவில் சட்டனும் பொவேரியும் இரண்டையும் இணைத்தார்கள்.

அடுத்து, ஆண் பெண் நிர்ணயம். அவள் புன்னெட் கட்டம் வரைந்து தமிழில் சொன்னாள்: "அம்மாவிடம் இருப்பது எக்ஸ், எக்ஸ். ஆகவே எல்லா முட்டையிலும் எக்ஸ்தான். அப்பாவிடம் எக்ஸ், ஒய். விந்தணுவில் பாதிக்கு எக்ஸ், பாதிக்கு ஒய். எக்ஸ் உள்ள விந்தணு சேர்ந்தால் பெண். ஒய் சேர்ந்தால் ஆண்."

தாய் 'ஏன்' என்று கேட்கவில்லை. சற்று நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் மூன்றும் பெண்ணாய்ப் பிறந்தது என் குறை இல்லையா?" என்றார். மூன்றாவது பிள்ளை பிறந்த நாள்முதல் உறவினர் வாயால் அவர் கேட்ட சொற்கள் எத்தனையோ! பிள்ளை, "இல்லை அம்மா. புத்தகத்திலேயே இருக்கிறது" என்றாள். கதவருகில் நின்றிருந்த தகப்பனார் தலை குனிந்தார். நான் அவரிடமும் சொன்னேன்: "ஐயா, உங்கள் குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்பு பிறந்தது அடுத்ததை மாற்றாது." பத்து வருடம் அந்த வீட்டில் கிடந்த பாரத்தை ஒரு பரீட்சைப் பாடம் இறக்கிவைத்ததை நான் கண்டேன்.

மூன்றாவது, பல்லுயிர்ப் பெருக்கம். இதைத் தனிப் பாடம் என்று எண்ணிக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். 23 ஜோடிகளும் தனித்தனியே விலகுவதால் மட்டும் ஒரு மனிதரிடமிருந்து 83,88,608 வகையான இனச்செல்கள் வரக்கூடும். மூன்று சகோதரிகள் ஒரே முகமாய் இல்லாததற்குக் காரணம் இதுவே. இப்படிப்பட்ட வேறுபாடு ஒரு சிற்றினம் முழுவதிலும் பரவியிருப்பதே மரபணுப் பன்மை. பல்லுயிர்ப் பெருக்கத்தின் முதல் நிலை. அதன்மேல் சிற்றினப் பன்மை, அதன்மேல் சூழல் மண்டலப் பன்மை.

"வேறுபாடு இருந்தால் என்ன லாபம்?" என்றார் தாய். நல்ல கேள்வி. 1970-களில் ஆசியாவின் நெல் வயல்களைப் புல்குட்டை வைரஸ் தாக்கியது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல்லான ஒரைசா நிவாராவில். அதன் மரபணு சேர்ந்த ஐ.ஆர். 36 நெல் கோடிக்கணக்கானோருக்குச் சோறு தந்தது. யாரும் விதைக்காத ஒரு புல் அழிந்திருந்தால்?

பாதுகாக்கும் முறைகளுக்கும் நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் சிறுத்தை தன் காட்டிலேயே வாழ்கிறது. இது உள்ளிடப் பாதுகாப்பு. பைகுல்லா ராணி பாக்கில் விலங்குகளை வெளியே கொண்டுவந்து காக்கிறார்கள். இது வெளியிடப் பாதுகாப்பு. பவாய் ஏரியை மூடும் ஆகாயத்தாமரை, அந்நிய இனப் படையெடுப்புக்குச் சான்று. கண்ணால் கண்டதை விடைத்தாளில் எழுதப் பிள்ளை தயங்கமாட்டாள்.

பெற்றோரே, இவற்றைக் கவனத்தில் வையுங்கள். தமிழில் சொல்லி முடித்தவுடன், அதே பதிலைப் பிள்ளை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதட்டும். தேர்வு அந்த மொழியில்தானே. படங்களைப் பாராமல் வரைந்து, பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தட்டும். அதே பாடத்தை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி கேளுங்கள். 2024-25 பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்களில் மரபியலும் பரிணாமமும் 20, சூழலியல் 10. நேரத்தை அதற்கேற்றபடி பங்கிடுங்கள். இரவில் பிள்ளையைத் தூங்க விடுங்கள். படித்ததை மூளை நிலைப்படுத்துவதற்குத் தூக்கம் வேண்டும். தேர்வுக் காலத்தில் முழு இரவு ஜெபத்துக்கு நீங்கள் வாருங்கள். பிள்ளை வீட்டில் உறங்கட்டும். போதகனாகிய நானே சொல்கிறேன்.

தம்பி, தங்கையே, உனக்கும் ஒரு வார்த்தை. மரபியலின் தந்தை எனப்படும் மெண்டல் 1850-ஆம் ஆண்டு ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றார். 1856-இல் மறுபடி முயன்றும் தேறவில்லை. அதே ஆண்டு தோட்டத்தில் பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒரு தேர்வு உன்னை முழுவதும் அளந்துவிடாது. ஆனாலும் அதற்கு உண்மையாய் உழைப்பது உன் கடமை.

அந்த வீட்டில் இப்போது இரண்டாவது மகளின் முறை. மாலையில் தாய் அரிசி புடைத்துக்கொண்டே, "புத்தகத்தை மூடிவிட்டுச் சொல், மகளே" என்கிறார். இன்று மாலை உங்கள் வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்கட்டும்.