கூடும் இடம் எது?

சென்ற ஆண்டு ஆவணி மாதத்திலே ஒருநாள் விடியற்காலையில் என் பழைய மாணாக்கர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது கடந்தவர், நல்ல உத்தியோகம், நாலுபேர் மதிக்கும் குடும்பம். அவர் குடிப்பதை ஊர் அறியும். அதனால் அவர் உள்ளம் நொந்திருப்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

"ஐயா, குடியை விட்டவர்கள் ஓரிடத்திலே கூடிப் பேசுகிறார்களாம். அது எங்கே என்று உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பது ஆண்டு படிப்பித்த வாய் சும்மா இருக்குமோ? திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை எடுத்து, பத்துக் குறளுக்கும் பரிமேலழகர் உரையோடு பொருள் விரித்தேன். ஒருமணி நேரம் கைகட்டிக் கேட்டிருந்துவிட்டு வணங்கிப் போனார். அவர் படலையைச் சாத்திய பின்னரே எனக்கு உறைத்தது. அவர் கேட்டது ஒரு முகவரி.

அவ்வதிகாரத்து ஒன்பதாங் குறள், குடித்து மயங்கினவனுக்கு நியாயம் காட்டுதல் நீருள் மூழ்கினவனைத் தீப்பந்தங் கொண்டு தேடுதலை ஒக்கும் என்கின்றது. அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டே நான் பந்தம் பிடித்திருக்கின்றேன்! அடுத்த குறளோ, தான் குடியாத வேளையிலே குடித்துக் களித்த இன்னொருவனைக் காண்பவன் தன் சோர்வை எண்ணிப் பாரானோ என்று வினாவுகின்றது. வகுப்பிலே இதனை விரைந்து கடந்துவிடுவது என் வழக்கம். குடியனுக்குக் கண்ணாடியாக வல்லவன் இன்னொரு குடியனே என்னும் நுட்பம் அதனுள் உண்டென்பதை, அமெரிக்க தேசத்துச் செய்தி ஒன்றைப் படித்த பிறகே கண்டேன்.

1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயோர்க்கிலே பங்குத்தரகு செய்துவந்த பில் வில்சன் என்பவர், ஒரு கம்பனியின் நிருவாகத்தைப் பெறும் முயற்சியிலே தோற்று, ஒகையோ மாநிலத்து அக்றன் நகரில் ஒரு விடுதியிலே தனித்து நின்றார். குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. முன்மண்டபத்தின் ஒரு பக்கம் மதுச்சாலையின் ஆரவாரம்; மற்றப் பக்கம் அவ்வூர்த் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். இன்னொரு குடியரோடு பேசாவிடின் தாம் குடித்துவிடுவது திண்ணம் என்று உணர்ந்தார். போதகர் ஒருவரை அழைத்து, அவர் சொன்னவர்களையும் அழைத்து, ஈற்றிலே ஹென்றியற்றா சைபர்லிங் என்னும் அம்மையாரை எட்டினார். அம்மையார் மே 12ஆந் திகதி தம் இல்லத்திலே சத்திரவைத்தியர் பொப் ஸ்மித்தை அவரோடு சந்திக்க வைத்தார். கால்மணி நேரம் மாத்திரமே என்று சொல்லி வந்த வைத்தியர் மணிக்கணக்காக இருந்து இரவிலேதான் எழுந்தார். குடியின் கேட்டை வைத்தியருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. தாம் பட்டதைச் சொல்லும் ஒருவரையே அவர் அதுவரை கண்டிலர். அவர் இறுதியாகக் குடித்த நாளென்று அவ்வாண்டு யூன் 10ஆந் திகதியையே 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கின்றது. (பெயர் சொல்லாக் குடியர் என்று தமிழாக்கிப் பார்த்தேன்; ஓசை இல்லை, பொருள் சரி.)

அக்கூட்டத்திலே சேரக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. இருவர் மூவர் கூடினாலே ஒரு குழுவாம். குற்றத்தைப் பலர் முன் சொல்வது நம் பண்பன்று என்று என் நண்பரான ஆசிரியர் ஒருவர் மறுத்தார். தவறணையிலே பலர் முன் விழுந்து கிடப்பது மாத்திரம் பண்போ என்று கேட்டேன்; அவர் பேச்சை மாற்றிவிட்டார். பயன் உண்டோ என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2020ஆம் ஆண்டிலே வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு 27 ஆய்வுகளை ஒப்பிட்டு, குடியை முற்றாக விட்டிருத்தலிலே இவ்வழி மற்றச் சிகிச்சைகளிலும் குறைந்ததன்று, பலவற்றினும் மேம்பட்டது என்று கண்டது. ஆயினும், நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும், உயிருக்கும் ஆபத்து. அவர் முதலிலே வைத்தியரைக் காணவேண்டும்.

பின்னர் நான் தேடப் புறப்பட்டேன். வாசிகசாலையிலே கேட்டேன், கோயில் தருமகர்த்தாவிடம் கேட்டேன், மருந்துக்கடையிலே கேட்டேன். மூன்றாம் நாள், பண்டிதருக்கும் அந்தப் பழக்கம் உண்டாம் என்று ஊரிலே கதை பரவிவிட்டது. என் மனைவிக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடியாத எனக்கே இடம் கேட்பது இத்துணை வெட்கமென்றால், நடுங்குங் கையோடு கேட்பவருக்கு எப்படி இருக்கும்? மனநல மருத்துவர் ஒருவர் மாத்திரமே, கொழும்பிலே கூட்டங்கள் உண்டு, இணையவழியாகவும் உண்டு என்று நேரே விடை சொன்னார்.

நம் வாசிகசாலைப் பலகைகளிலே மரண அறிவித்தலுக்கு இடம் உண்டு. தனியார் வகுப்பு விளம்பரத்துக்கு இடம் உண்டு. கிழமை, நேரம், இடம் என்னும் மூன்றையும் தெளிந்த தமிழிலே எழுதிய ஒரு சிறு கடதாசிக்கு மாத்திரம் இடம் இல்லையோ? வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலும், பேருந்து நிலையத்திலும், கோயில் மடத்திலும் அதனை ஒட்டலாம். கேளாமலே கண்ணிற் படவேண்டும். கேட்கும் வாய் அவர்களுக்கு இல்லை.

மாணாக்கரின் வீட்டுக்கு நானே போனேன். மருத்துவர் சொன்னதை எழுதிய துண்டைக் கொடுத்தேன். குறள் ஒன்றும் சொல்லவில்லை. சில மாதங்களின் பின், தம்மைப்போல் இருவர் இருக்கின்றார்கள், இருக்க ஓர் இடம் வேண்டும் என்றார். ஞாயிறு மாலைதோறும் என் வீட்டுத் திண்ணையறையிலே பாய் விரித்து, தேநீர் வைத்துவிட்டு வெளியேறுகின்றேன். அது குடிநோய் உடையவர்களுக்கு மாத்திரமான கூட்டம். எனக்கு அங்கே இடம் இல்லை. வேலியோரம் உலாவிக்கொண்டிருப்பேன். சென்ற ஞாயிறு வாசலிலே ஐந்து சோடி செருப்புக் கிடந்தன.