இழவு வீட்டில் இன்னொரு கடமை

சம்பாதித்துப் போட்டவர் கண்ணை மூடிவிட்டால், அழ ஆள் வரும். பந்தல் போட ஆள் வரும். தாலுகா ஆபீசுக்குப் போகத்தான் ஆள் வராது!

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் தோலை நம்பி வாழும் பூமி. தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். மாதா மாதம் சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்கள். தொழிலாளி இறந்தால், அது வீட்டாருக்குச் சேர வேண்டிய பணம். அதை வாங்கக் காகிதம் வேண்டும்.

21 நாள் கெடு

முதல் காகிதம் இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இது 1969-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரியே தெரிவிக்கும். வீட்டில் இறந்தால் வீட்டார்தான் தெரிவிக்க வேண்டும்.

16-ஆம் நாள் கருமாதி முடியட்டும் என்று இருந்தால், மிச்சம் ஐந்தே நாள்! 40-ஆம் நாள் பாத்திஹா ஆகட்டும் என்றால், கெடுவே தாண்டிவிடும். பிறகும் பதியலாம். ஆனால் தாமதக் கட்டணம், அனுமதி என்று அலைச்சல். ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவே வேண்டும்.

மூன்று பணம்

ஒன்று, பி.எப். சேமிப்பு.

இரண்டு, 1976-இல் வந்த இன்சூரன்ஸ். வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது. 2021-இல் இதன் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய் ஆக்கப்பட்டது. இதற்காகத் தொழிலாளியிடம் ஒரு காசும் பிடிப்பதில்லை. முதலாளிதான் கட்டுகிறார். அதனால், சம்பளத்தில் பிடித்ததை மட்டும் பார்ப்பவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது!

மூன்று, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பென்ஷன்.

இவற்றுக்கு மனுக் கொடுக்கக் கட்டணம் இல்லை. தரகருக்குப் பங்கு கொடுக்க வேண்டியதும் இல்லை.

கல்யாணம் ஆனதும்...

கல்யாணத்துக்கு முன்பே ஷூ கம்பெனியில் சேரும் பெண், தாயின் பெயரை நாமினியாக எழுதுகிறாள். கல்யாணம் ஆனதும் அந்த எழுத்து செல்லாது. புதிதாக எழுத வேண்டும் என்பது பி.எப். விதி. எழுதாமல் விட்டால், நாளை பிறந்த வீடும் புகுந்த வீடும் மோதிக்கொள்ள இடம் உண்டாகும்.

"சாவைப் பற்றி இப்போதே பேசுவதா? அபசகுனம்!" என்பார்கள்.

2015 ஜனவரி 31, விடியுமுன் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கியவர்கள் மீது சகதி பாய்ந்தது. 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. சொந்தபந்தம் வெகு தூரத்தில் இருக்கும்போது, இறந்தவருக்கு உரியவர் யார் என்று சொல்லக் கம்பெனிப் பதிவேடுதான் துணை.

கம்பெனியின் கடமை

கணவனைப் பறிகொடுத்தவளை ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கச் சொல்வது நியாயம் அல்ல. இத்தாவில் இருக்கும் பெண் வெளியே வரவும் மாட்டாள். கம்பெனி குமாஸ்தா அவள் வீட்டுக்குப் போக வேண்டும். மனுவை நிரப்பிக் கையெழுத்து வாங்கி, வேலூர் பி.எப். ஆபீசில் சேர்க்க வேண்டும். உழைத்து மறைந்தவருக்கு மலர் வளையத்தைவிட அதுவே பெரிய மரியாதை.

தொழிலாளிக்கும் ஒரு கடமை உண்டு. நாமினி யார் என்று இந்த வாரமே கம்பெனியில் கேட்டுப் பார்க்கட்டும். பெயர் தவறாக இருந்தால் திருத்தட்டும். காகிதங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று மனைவியிடம் சொல்லி வைக்கட்டும்.

பெயர் எழுதியதால் ஆயுள் குறைந்தவர் எவரும் இல்லை!