இன்னொரு காதுகுத்து

கொல்லிமலை என்றதும் நம்மைப் போன்ற வாசகர்களுக்கு முதலில் நினைவில் எழுவது கொல்லிப்பாவைதான். அந்தப் பெயரில் ஒரு சிற்றிதழே வெளிவந்திருக்கிறது. அடுத்தது வல்வில் ஓரி. எனக்கு மட்டும் சென்ற கார்த்திகை மாதத்திலிருந்து அந்த மலையின் பெயர் ஒரு குழந்தையின் அலறலோடு சேர்ந்துவிட்டது.

செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்கு இறங்கும் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் தேவனூர் நாட்டைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி இரண்டரை வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். (கொல்லிமலையில் ‘நாடு’ என்பது ஓர் ஊராட்சி. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பல நாடுகள் அந்தச் சிறிய மலைக்குள் இருக்கின்றன.) காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இருபது வளைவுகள் இறங்குவதற்குள் பையன் வலது காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். அழுகை அலறலாயிற்று. முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நல்ல யோசனைதான், விழுங்கும்போது காது திறக்கும். ஆனால் அலறுகிற குழந்தை எங்கே விழுங்கப்போகிறது?

“காது ஒழுகுதுங்கண்ணா,” என்றாள் அவள், மன்னிப்புக் கேட்பதுபோல. “ஒரு வருசமா இப்படித்தானுங்க. காய்ச்சல் வரும், ராவெல்லாம் அழுவான். சீழு வந்துருச்சுன்னா வலி நின்னுருங்க. சரி, தேவலாம்னு விட்டுருவோம்.”

அவள் காட்டிய காது இடது காது. பஞ்சு வைத்திருந்தது. பையன் பொத்திக்கொண்டிருந்ததோ வலது காதை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. ஒழுகுகிற காது வலிக்காமல் ஒழுகாத காது ஏன் வலிக்க வேண்டும்? சேலத்தில் என் மகளுக்கு வைத்தியம் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பிறகு கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், “ஒழுகுகிற காதில் ஓட்டை இருக்கிறது, காற்று தாராளமாகப் போய்வரும். அடைத்த காதுக்குத்தான் மலை இறக்கம் தண்டனை.”

நடுச்செவி என்பது செவிப்பறைக்குப் பின்னால் உள்ள சிறிய காற்றறை. அதற்கு வெளியுலகோடு இருக்கும் ஒரே வழி தொண்டையின் பின்புறம் திறக்கும் ஊஸ்டேக்கியன் குழாய். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. குழாய் திறந்து உள்ளே காற்றை விட்டால் ‘டப்’ என்ற ஒலியோடு சமனாகிவிடும், நாம் எல்லோரும் அறிந்ததுதான். சளியால் வீங்கி அடைத்திருந்தால் வெளியழுத்தம் பறையை உள்நோக்கி அழுத்தும். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கைவாட்டிலும் இருப்பதால் ஒவ்வொரு சளியும் காதுக்குள் போக வழி கிடைத்துவிடுகிறது. ஆறேழு வயதில் முகம் வளர, குழாய் நீண்டு சரிந்து, பெரும்பாலோருக்குத் தொல்லை தானாக நின்றுவிடும். அதுவரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நகரத்தில் அந்தக் கேள்விக்கு நான் கேட்ட முதல் பதில் மிக விரைவாக வந்தது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஆறு மாதத்தில் மூன்று முறை காய்ச்சலும் காதுவலியும். ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு நிமிடம் காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “குரோமெட் வைத்துவிடலாம், வெள்ளிக்கிழமை வாருங்கள்” என்றார்கள். செவிப்பறையில் துளையிட்டு, ஒரு மில்லிமீட்டர் அளவே வாயுள்ள ஒரு குழாயைப் பொருத்துவது. என் மாமியார் கேட்டவுடன் பதறிவிட்டார். ஒரு வயதுக்குள் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, ஊர் கூடிக் காது குத்தி விருந்து வைத்த அதே குழந்தைதான். மடலில் குத்தினால் விழா, பறையில் குத்தினால் பயம். நியாயமான பயந்தான் என்று எனக்கும் தோன்றியது.

இரண்டாவது மருத்துவர், மேலே நான் குறிப்பிட்டவர், காத்திருக்கச் சொன்னார். நான்கு மாதம். மாதம் ஒருமுறை பார்த்தார், பறை அசைகிறதா என்று அளந்தார், கேட்கும் திறனைச் சோதித்தார். வலி வரவில்லை, ஆனால் பறைக்குப் பின்னால் நீர் அப்படியே நின்றது. பசைபோலக் கெட்டியாகிவிட்ட நீர். கேட்கும் திறன் முப்பது டெசிபல் குறைந்திருந்தது. இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு உலகத்தைக் கேட்பதுபோல என்றார். அதற்குப் பிறகுதான் குழாய். மயக்க மருந்து கொடுத்து வெளியே வர கால்மணி நேரம் ஆயிற்று. அன்று மாலை மிக்ஸியைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அதுவரை அவளுக்கு அது சத்தமாகவே இருந்ததில்லை. ஒன்பது மாதம் கழித்துக் குழாய் தானாகவே விழுந்தது. தலையணையில் கிடந்ததை என் மனைவி எறும்பு என்று நினைத்துத் தட்டிவிட்டாள்.

இந்தச் சிகிச்சை புதிதல்ல. பறையில் துளையிட்டுக் கேட்கவைக்கலாம் என்று லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் 1801இல் எழுதினார். துளை சில நாட்களில் மூடிக்கொண்டுவிடும் என்பதுதான் இடர்ப்பாடு. வியன்னாவில் ஆடம் பொலிட்சர் 1860களில் துளைக்குள் ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1954இல் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்திக் காட்டிய பிறகே இது பரவியது. பரவிய வேகத்தில் அளவுக்கு மிஞ்சியும் போயிற்று. பிட்ஸ்பர்க்கிலிருந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, அடிக்கடி காதில் தொற்று வரும் 250 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் குழாய் வைத்து, மற்றவர்களுக்குத் தொற்று வரும்போதெல்லாம் மருந்து மட்டும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் கவனித்தது. இரு தரப்பிலும் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை முறை தொற்று வந்தது. குழாயால் பெரிய வேறுபாடு இல்லை. (மருந்துப் பிரிவில் பல குழந்தைகளுக்குப் பின்னால் குழாய் வைக்க நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) தொற்று திரும்பத் திரும்ப வந்தாலும், பரிசோதிக்கும் நாளில் பறைக்குப் பின்னால் நீர் இல்லையென்றால் குழாய் வேண்டாம், மூன்று மாதத்துக்கு மேல் இரு காதிலும் நீர் நின்று கேட்கும் திறனும் குறைந்திருந்தால் வைக்கலாம் என்பதுதான் இன்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்.

ஆக, வெள்ளிக்கிழமை வரச் சொன்னவர்கள் அவசரப்பட்டார்கள், காத்திருக்கச் சொன்னவர் சரி. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பேருந்துக்குப் பிறகுதான் எனக்கு உறுத்தியது. ‘காத்திருந்து பார்ப்போம்’ என்ற வாக்கியத்தில் காத்திருப்பது எளிது, பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். நான் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய் மாதந்தோறும் பார்த்துவந்தேன். தேவனூர் நாட்டிலிருந்து அந்தப் பெண் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு நாள் கூலியையும், எழுபது வளைவுகளையும், குழந்தையின் அலறலையும் கொடுக்க வேண்டும். அங்கே யாரும் எதையும் காத்திருந்து பார்ப்பதில்லை. நோய்தான் காத்திருக்கிறது. பிறகு அதுவே பறையைத் துளைக்கிறது. நகரத்துக் குழந்தைக்கு மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து அளந்து இடுகிற துளையை மலைக் குழந்தைக்குச் சீழ் தானே இட்டுக்கொள்கிறது. வலி நின்றுவிடுவதால் தாய் குணமென்று எண்ணுகிறாள். அந்தத் துளை பல குழந்தைகளுக்கு மூடிக்கொள்ளும். மூடாதவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஒழுகும். உலகில் ஆறரைக் கோடி முதல் முப்பத்துமூன்று கோடி பேர் வரை இப்படிச் சீழ்வடியும் காதோடு இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2004இல் மதிப்பிட்டது. குழாய் வைப்பது மிகையா குறையா என்று நாம் விவாதிக்கும்போது இவர்கள் அந்த விவாதத்துக்குள்ளேயே வருவதில்லை.

இதில் இலக்கிய வாசகர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மொழி இருக்கிறது. இரண்டரை வயதில் குழந்தை சொற்களையல்ல, சொற்களின் முடிவுகளைக் கற்றுக்கொண்டிருக்கிறது. தமிழில் பொருளின் பாதி சொல்லின் கடைசியில் கிடக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார், எல்லாம் ஒரே சொல்தான், கடைசி மெய் மட்டும் வேறு. அந்த மெய்யைத்தான் நாம் பேச்சில் பாதி விழுங்கிச் சொல்கிறோம். முப்பது டெசிபல் குறைந்த காதில் முதலில் நழுவிப்போவது அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். தங்களுக்கென்று தனி எழுத்து இல்லாத, பாட்டையும் கதையையும் வாய்வழியாகவே தந்துவந்த மலையாளிப் பழங்குடிகளின் வீட்டில் பிறந்த குழந்தைக்குக் காது ஒன்றே ஏடு. பள்ளிக்குப் போனதும் அவனைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, ‘கவனம் போதாது’ என்று எழுதிவிடுவார்கள். கேள்விக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைச் சுவரில் மாட்டியிருக்கும் வகுப்பறையில்தான் இது நடக்கும்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2006-07இலேயே தொடங்கப்பட்டது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பார்க்க வேண்டும், பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் நடுச்செவி அழற்சியும் உண்டு. நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் அரசு அட்டவணையில் வந்துவிட்டது, அது காதுத் தொற்றையும் ஓரளவு குறைக்கும். 2022இல் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் சமவெளிப் பள்ளி ஒன்றில் நான் உடனிருந்து பார்த்த முகாமில் எடை பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள். காதை வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். செவிப்பறையைப் பார்க்க ஆட்டோஸ்கோப் வேண்டும். அது ஒரு கைப்பிடியும் ஒரு விளக்கும் ஒரு லென்சும்தான். கிராமச் செவிலியருக்குப் பழக்கிக் கொடுக்கக்கூடாத வித்தையல்ல.

கொல்லிமலையில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1913 வாக்கில் அங்கே குடியேறிய ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவெலினும் நாடு நாடாக நடந்தும் குதிரையிலும் போய் வைத்தியம் பார்த்தார்கள். மதம் பரப்பவே வந்தவர்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஜெஸ்ஸி பட்டம் பெற்ற மருத்துவரும் அல்லர், சிறிது காலம் மருத்துவப் பயிற்சி பெற்றவர். 1929இல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். 1914இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்டுதான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்து உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். சாலை இல்லாத காலத்தில் வைத்தியம் மலையேறியது. சாலை வந்தபின் நோயாளிதான் இறங்க வேண்டியிருக்கிறது.

என் கருத்து இதுதான். மாதத்தில் குறித்த ஒரு நாள் காது மருத்துவர் ஒருவர் செம்மேட்டுக்கு ஏற வேண்டும். குழாய் வைத்த குழந்தையை மலைக்குத் திருப்பி அனுப்புவதானால் அந்த நாள் இன்னும் அவசியம். குழாய் வைத்த காதும் சிலபோது ஒழுகும், அப்போது மாத்திரையைவிடச் சொட்டு மருந்துதான் நல்லது, அதிலும் ஜென்டமைசின் கலந்த சொட்டைத் தவிர்க்க வேண்டும். இதையெல்லாம் யாராவது பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். எண்ணெய்க் குளியலன்று காதில் எண்ணெய் விட்டு ஊதும் பாட்டிக்கும் சொல்ல வேண்டும். பறையில் துளையிருந்தால், அது நோய் இட்டதானாலும் மருத்துவர் இட்டதானாலும், எண்ணெய் நேரே நடுச்செவிக்குப் போய்விடும். பாட்டியை இளப்பமாகப் பேசி இதைச் சாதிக்க முடியாது. எங்கள் வீட்டிலேயே முடியவில்லை.

காரவள்ளி வந்ததும் பையன் ஓய்ந்து தூங்கிவிட்டான். நாமக்கல்லில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இரண்டு காதையும் பார்க்கச் சொல்லும்படி சொன்னேன். அவள் தாளை மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டாள்.

“திருப்பி எப்ப வரச் சொல்லுவாங்கண்ணா?”

“மூன்று மாதம் கழித்து வரச் சொல்லலாம்.”

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். “அப்ப மொளகு பறிப்பாச்சுங்களே,” என்றாள்.