தொல்லிடத்தின் அயலில் குடிமனை

பழம்பெருமை வாய்ந்த இடிபாடுகளைப் பேணிக் காத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின், அவ்விடிபாடுகளின் மேலும் அயலிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மக்களை யாது செய்வது என்னும் வினா எழும்போதுதான் அறிஞரும் அதிகாரிகளும் தடுமாறுகின்றனர். எமது கல்லூரியின் பழைய மாணவருள் கட்டடக் கலைஞர், பொறியியலாளர், நில அளவையாளர், நிருவாக சேவையினர் எனப் பலர் உளர். அவர்தம் மேசைக்கும் இவ்வினா ஒருநாள் வருதல் கூடும். ஆதலின், இத்துறையிற் பெரிதும் பேசப்பட்ட ஒரு முயற்சியை, எகிப்து நாட்டுப் புதிய குர்னாக் கிராமத்தை, ஈண்டு எடுத்து நோக்க விழைகின்றோம்.

நைல் நதியின் மேற்குக் கரையில், லக்சோர் நகருக்கு எதிரே, பண்டைத் தீப்சு நகரத்துப் பிரபுக்களின் கல்லறைகள் குடையப்பெற்ற குன்றுச்சாரல் உண்டு. அச்சாரலின்மீதே பழைய குர்னா அமைந்திருந்தது. 1940களில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 7,000 பேர். சில வீடுகளுக்குக் கல்லறையே பின்னறையாயிற்று. ஆடவர் அகழ்வு வேலையிற் கூலிகளாகவும், காவலராகவும், வழிகாட்டிகளாகவும் உழைத்தனர். மென்கல்லிற் கிண்ணமும் உருவமும் செதுக்கி வெளிநாட்டாருக்கு விற்றனர். பழம்பொருளைக் களவாகத் தோண்டி விற்றாரும் இருந்தனர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. 1881ஆம் ஆண்டில், பேரரசர் பலரின் பதனிட்ட உடலங்கள் ஒருங்கே கிடந்த மறைகுழி அதிகாரிகளுக்குத் தெரியவந்ததும், அதனை முன்னரே கண்டு மறைவாக விற்றுவந்த ஒரு குர்னாக் குடும்பத்தின் வாயிலாகவேயாம்.

பின்னர் ஒரு கல்லறையிலிருந்து பெயர்பெற்ற பாறைச் சிற்பம் முழுதாகவே பெயர்த்துக் களவாடப்பட்டது. தொல்பொருட் பகுதியினர் விழித்துக்கொண்டனர். கிராமத்தையே சமவெளிக்குப் பெயர்ப்பது எனத் தீர்மானித்தனர். 1945ஆம் ஆண்டில் ஹசன் பாத்தி என்னும் கட்டடக் கலைஞரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. மெம்னோன் சிலைகள் எனப்படும் இரு பெருஞ் சிலைகளுக்கு அணித்தாக 50 ஏக்கர் வயல்நிலம் வாங்கப்பெற்றது.

பாத்தி வகுத்த திட்டம் எத்துணைச் சிறப்புடையது என்பதைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஒரே அளவான பெட்டிகளை வரிசையாக அடுக்கும் அரசாங்கக் குடியிருப்பு முறையை அவர் அறவே வெறுத்தார். உறவு முறையாற் பிணைந்த பல குடும்பங்களை அந்நாட்டார் 'பதனா' என்பர். ஒவ்வொரு பதனாவுக்கும் ஒரு பொதுமுற்றம், அதனைச் சூழ வீடுகள், வீடுதோறும் உள்முற்றம். எம் நாற்சார் வீட்டை அறிந்தோர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். பள்ளிவாசல், சந்தை, பாடசாலைகள், கைத்தொழிற்கூடம், அரங்கு ஆகியனவும் திட்டத்தில் இடம்பெற்றன. கட்டுபொருளோ வெயிலிற் காய்ந்த மண்கல். மரச்சட்டத்தின் தாங்குதலின்றியே வளைவுக் கூரை எழுப்பும் வித்தையை அறிந்த நூபியக் கொத்தரை அவர் அசுவான் பகுதியிலிருந்து அழைப்பித்தார். அவ்வித்தை புதுவதன்று. இரண்டாம் இராமேசு மன்னன் எடுப்பித்த கோயிலின் களஞ்சியங்களில் அத்தகைய மண்கல் வளைவுகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. அக்கோயில் குர்னாவிலேயே உள்ளது. புதிய மனைக்குரிய இலக்கணத்தைத் தொல்லிடத்தினின்றே கற்றமை அவரது பெருமை.

இத்துணையும் இருந்தும் மக்கள் வந்திலர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கட்டி முடிந்த நிலையில், 1940களின் இறுதியில் வேலை நின்றுபோயிற்று. கிராமத்தவர் சிலர் கரையை வெட்டிப் புதுமனைக்குள் வெள்ளத்தைப் பாய்ச்சினர் எனப் பாத்தியே தமது நூலில் எழுதியுள்ளார். 1969இல் கெய்ரோவில் வெளியாகி, 1973இல் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தாரால் மீண்டும் பதிப்பிக்கப்பட்ட அந்நூல் உலகெங்கும் கட்டடக்கலை மாணவர் கைகளிற் தவழ்ந்தது. ஊரார் துறந்த கிராமத்தை உலகத்தார் போற்றினர்!

குவிமாடம் அந்நாட்டாருக்குச் சமாதியை நினைவூட்டும். அதனாலேயே அவர் அஞ்சி ஒதுங்கினர் என்று விளக்கங் கூறுவார் உளர். அதில் ஓரளவு உண்மை இருத்தல் கூடும். எனினும், பழியைக் கூரையின்மேல் ஏற்றிவிடுதல் அதிகாரிகளுக்கு மிகவும் வசதியான விளக்கம் என்றே நாம் கருதுகின்றோம். கல்லறையின் அயலிற் குடியிருந்ததனாற் பிழைத்த ஒருவனை வயல்வெளியில் இருத்தினால் அவன் எதைக்கொண்டு உண்பான்? வயலோ அவனுடையதன்று. பாத்தி இதனை உணர்ந்தே நெசவும் பிற கைத்தொழிலும் கற்பிக்க முயன்றார். ஆனால், அவரை அமர்த்தியோர் கேட்டது குடியிருப்பை அன்று. குன்றைக் காலிசெய்து தருதலையே. கல்லுக்கும் மணலுக்கும் கூலிக்கும் மதிப்பீட்டுத் தாளில் நிரல் இருந்தது. இழக்கப்படும் பிழைப்புக்கு நிரல் இல்லை. குடிகள் சம்மதியாத இடப்பெயர்ச்சிக்கு உதவியாக வரும்போது, மிக நல்ல வீடும் அவர்களுக்குச் சிறையாகவே தோன்றும்.

தொல்பொருட் பகுதியினரின் கவலையை நாம் இகழவில்லை. களவு மெய், வீட்டுக் கழிவுநீர் கல்லறை ஓவியங்களைக் கெடுக்கும் என்ற வாதத்திலும் பொருளுண்டு. ஆயினும், கல்லறைக்கு நேர்மேலே நின்ற வீடுகளை மாத்திரம் படிப்படியாக அகற்றி, ஏனையோரைக் காவலராகவும் சிற்பிகளாகவும் அங்கேயே வாழவிட்டிருக்கலாம். அவ்வாறு செய்தாரல்லர். 2006ஆம் ஆண்டு இறுதியில் இடிக்குங் கருவிகள் குன்றின்மேல் ஏறின. சில ஆண்டுகளுள் பழைய குர்னாவின் பெரும்பகுதி மண்ணாயிற்று. மக்கா யாத்திரை சென்று மீண்டோர் தம் வீட்டுச் சுவர்களிற் கப்பலையும் விமானத்தையும் கஃபாவையும் வண்ணத்தில் தீட்டுவது அவ்வூர் வழக்கம். அச்சுவர்கள் பலவும் வீழ்ந்தன. அவையும் ஒருநாள் தொல்பொருளாகியிருக்கும் அன்றோ? பெயர்க்கப்பட்டோருக்கு வடக்கே வேறோரிடத்தில் நேர்கோட்டுத் தெருக்களும் சீமெந்து வீடுகளும் கிடைத்தன. பாத்தி வெறுத்த பெட்டி வரிசையே ஈற்றில் வென்றது.

பாத்தியின் கிராமத்திற் காலப்போக்கில் வேறு குடிகள் ஏறினர். நிலத்தடி நீரும் உப்பும் மண்கல்லை அரித்தன. குடியிருந்தோர் சிலர் பழைய சுவரை நீக்கிச் சுட்ட செங்கல்லாலும் சீமெந்தாலும் மாடி எழுப்பினர். அண்மைக் காலத்தில் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு பள்ளிவாசல், அரங்கு முதலிய பொதுக்கட்டடங்கள் செப்பனிடப்பட்டுள்ளன. வீடுகளைச் செப்பனிடும் முறை வரும்போது, மாடி கட்டிய குடும்பத்தைக் குற்றவாளியாக நிறுத்தாது, அதற்கு எத்தனை அறை தேவை என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

எமது நாட்டிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. அனுராதபுரத்தின் தொல்லிடங்களைக் காத்தற்பொருட்டுப் புதிய நகர் வகுக்கப்பெற்று, பழைய நகரின் குடிகளும் கடைகளும் அங்குப் பெயர்க்கப்பட்டன. தாகபைகளைப் பற்றி எழுதினோர் பலர். பெயர்ந்த கடைக்காரரையும் கூலித் தொழிலாளரையும் பற்றி எழுதினோர் மிகச் சிலர். அந்நகரிற் கடமையாற்றிய எம் பழைய மாணவரும், அங்கு வாணிகஞ் செய்த குடும்பத்தவரும் தாம் அறிந்தவற்றை எழுதி அனுப்புவாராயின், அடுத்த மலரில் அதற்கு இடமளிக்கச் சித்தமாயுள்ளோம்.