மேப் வேணாம் சாமி, மாடலைக் குடுங்க!

கைலாசபுரத்துல குடியிருக்கிறவங்களுக்கு இதைப் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை. பாய்லர் வேலையில ஒரு தகட்டை எடுத்தா அதுல ஹீட் நம்பர் குத்தியிருக்கும். எந்த உலையில எந்த வார்ப்புல வந்த இரும்பு, அதோட சோதனைச் சான்றிதழ் எதுன்னு அந்த நம்பரை வச்சே தேடிப் பிடிச்சிடலாம். தகட்டை ரெண்டா வெட்டணும்னா முதல்ல அந்த நம்பரை ரெண்டு துண்டுலயும் வர்ற மாதிரி குத்தணும், அப்புறம்தான் வெட்டணும். நம்பர் இல்லாத துண்டு எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் அழுத்தம் தாங்குற இடத்துல போட விடமாட்டாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். இதே திருச்சியில வெள்ள அபாய மேப், நீர்வழி மேப்னு ரிப்போர்ட் போடறவங்களைப் பாருங்க. நீலம், சிவப்பு, மஞ்சள்னு கலர் கலரா இருக்கும். எப்படி வந்துச்சுன்னு கேட்டா "க்யூஜிஐஎஸ்ல பண்ணினோம் சார்"னு பதில் வரும். சாம்பார் எப்படி வச்சீங்கன்னு கேட்டா "அடுப்புல வச்சோம்"னு சொல்ற மாதிரி!

தண்ணி எந்த வழியா ஓடும்னு கண்டுபிடிக்க அஞ்சு படி இருக்கு. உயரத் தரவை எடுத்து டிகிரியிலேர்ந்து மீட்டருக்கு மாத்தணும். பள்ளங்களை நிரப்பணும். ஒவ்வொரு கட்டத்துலயும் தண்ணி எந்தத் திசைக்குப் போகும்னு பாக்கணும். எத்தனை கட்டத்துத் தண்ணி வந்து சேருதுன்னு கூட்டணும். குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினதை ஓடைன்னு பிரிச்செடுக்கணும். ஒவ்வொரு படியிலயும் யாரோ ஒருத்தர் ஒரு முடிவு எடுக்கறார். அந்த முடிவு மேப்ல தெரியாது. என் கோபமே அதுதான்.

முதல் முடிவு, மண்டலம். யூடிஎம் கணக்குல 78 டிகிரிக்குக் கிழக்கே 44-ம் மண்டலம், மேற்கே 43. திருச்சி 44-ல இருக்கு, மேட்டூர் 43-ல இருக்கு. ஒரே காவிரிதான், ஆனா மண்டலம் ரெண்டு. மாத்தவே மறந்து டிகிரியிலயே விட்டுட்டு சரிவு கணக்குப் போட்டா சமவெளியெல்லாம் மலைக்கோட்டைப் பாறை மாதிரி செங்குத்தா நிக்கும்.

ரெண்டாவது, பள்ளம். தண்ணி வெளியேற வழியில்லாத பள்ளம்னா அது தரவுப் பிழைன்னு மென்பொருள் நினைச்சுக்கும். நிரப்பித் தள்ளிடும். நம்ம ஊர்ல அப்படி வழியில்லாத பள்ளத்துக்குப் பேரு ஏரி! போதாக்குறைக்கு எல்லாரும் எடுக்கறது எஸ்ஆர்டிஎம் தரவு. 2000 பிப்ரவரியில எண்டெவர் ஓடம் 11 நாள் பூமியைச் சுத்தி ரேடார்ல அளந்தது. 30 மீட்டருக்கு ஒரு கட்டம். ரயில்வே கரை அதுல தெரியலாம், கரைக்கு அடியில போற மதகு தெரியாது. மதகை யாராவது கையால வெட்டிவிட்டாங்களா, இல்லையா? மேப்பைப் பாத்தா சொல்ல முடியுமா?

மூணாவது, எல்லை. 1000 கட்டம்னு வச்சா சுமார் 220 ஏக்கர் நிலத்துத் தண்ணி சேர்ற இடத்துலேர்ந்து ஓடை ஆரம்பிக்கும். 5000னு வச்சா சுமார் 1,100 ஏக்கர் வேணும். ஒரே ஒரு எண்ணை மாத்தினா வீட்டுக்குப் பின்னாடி போற ஓடை மேப்லேர்ந்து காணாமப் போயிடும். மனைக்காரங்களுக்கு எது பிடிக்கும்னு நான் சொல்லணுமா? :-)

இதுக்கெல்லாம் மருந்து கையிலேயே இருக்கு. 2013-ல வந்த க்யூஜிஐஎஸ் 2.0-லேர்ந்தே மாடல் வரையற வசதி மென்பொருளோடயே வருது, ஓசியில. ஒவ்வொரு படியையும் ஒரு பெட்டியா வச்சு, முந்தின பெட்டியோட அவுட்புட்டை அடுத்ததுக்கு இன்புட்டா கொடுத்தா நடுவுல கோடு விழும். தரவு அந்த வழியா தானா ஓடும். எல்லை 1000-மா 5000-மாங்கிறது மறைஞ்சு கிடக்காம பெட்டிக்குள்ளயே எழுதியிருக்கும்.

இதுலயும் ஒரு தில்லாலங்கடி இருக்கு. முந்தின பெட்டியோட அவுட்புட்டைத் தேர்ந்தெடுக்காம, டிஸ்க்ல கிடக்கிற "ஃபில்_ஃபைனல்_2" கோப்பைத் தட்டிவிடறது. மாடல் ஓடும், மேப்பும் வரும். ஆனா முதல் படியில நீங்க என்ன மாத்தினாலும் கடைசியில ஒண்ணும் மாறாது. பெட்டி கோடில்லாம தனியா நிக்கும், பாத்தாலே பிடிச்சிடலாம். மாடலைக் குடுத்தாதானே பிடிக்க முடியும்?

"மாடல் வச்சா தப்பும் தானா ஓடுமே"ன்னு கேப்பீங்க. ஓடும்தான். ஆனா ஒரு இடத்துல திருத்தி மறுபடி ஓட்டினா கடைசி வரைக்கும் திருந்தும். கையால பண்ணினா எந்தக் கோப்பு எதுலேர்ந்து வந்துச்சுன்னு பண்ணினவருக்கே ஆறு மாசத்துல மறந்துடும். "பைத்தான் எழுதறவனுக்கு இந்தப் பெட்டி விளையாட்டு எதுக்கு"ன்னு இன்னொரு கூட்டம். நல்லது, அந்த நிரலைக் குடுங்க. அதுவும் சங்கிலிதான். வெறும் படத்தை மட்டும் நீட்டாதீங்க.

1977-லயும் 2005-லயும் கோரையாறு இந்த ஊருக்குள்ள வந்துச்சு. எந்தக் கரையை உயர்த்தறது, எந்தத் தெருவை முதல்ல காலி பண்றதுன்னு முடிவெடுக்கறவங்க மேஜையில இனிமே இந்த மாதிரி மேப்தான் இருக்கும். "எங்க தெரு ஏன் சிவப்பு? பக்கத்துத் தெரு ஏன் பச்சை?"ன்னு அங்க இருக்கிற ஒரு அம்மா கேட்டா, எந்தப் படியில எந்த எண்ணால அப்படி ஆச்சுன்னு காட்டற கடமை மேப் போட்டவங்களுக்கு உண்டா, இல்லையா?

பொதுப்பணத்துல போடற எந்த நீர்வழி மேப்போடயும் மாடல் கோப்பும் மூலத் தரவும் சேர்ந்து வரணும். மாடல் கோப்பு சில நூறு கேபி கூட வராது, செலவு பூஜ்யம். ரெண்டும் இல்லாம வர்ற மேப்பை, ஹீட் நம்பர் இல்லாத தகட்டைத் திருப்பி அனுப்பற மாதிரி திருப்பி அனுப்பிடுங்க.