மாதர் உடல்நலம்: சொல்லாமல் மறைக்கும் நோய்

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பிள்ளை பிறந்து ஐந்து மாதமாம். தும்மினாலும், கிணற்றில் வாளியை இழுத்தாலும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. குனிந்தால் இடுப்பு நிமிர மறுக்கிறது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டார் எல்லாரும் பஸ் ஏறியபோது, பிள்ளைக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லி இவர் மட்டும் நின்றுவிட்டாராம். மாமியாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை.

சகோதரி, பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இத்தொல்லை உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே என்றெண்ணி வாய்மூடி இருப்பதால்தான் அது வெளியே தெரிவதில்லை.

இடுப்பெலும்பின் அடியில், முன்னிருந்து பின்னாக, ஏணை கட்டியதுபோலத் தசைகள் அமைந்து சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்குகின்றன. கர்ப்பச் சுமையாலும் பேற்றின் இழுவையாலும் அந்த ஏணை தளர்கிறது. வயிற்றுத் தசைகளும் தளர்ந்திருப்பதால் முதுகு தனித்துப் பாரம் சுமக்கிறது. இத்தசைகளைப் பயிற்சியினால் மீட்கலாம் என்று 1948இல் அமெரிக்க வைத்தியர் ஆர்னால்ட் கீகல் எழுதினார். மருந்தும் கருவியும் இன்றி வீட்டிலேயே செய்யத்தக்க அப்பயிற்சியையே இன்றும் வைத்தியசாலைகளில் கற்பிக்கிறார்கள்.

மலங்காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல அத்தசையை உள்ளே, மேலே இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. முதலில் மூன்று நான்கு விநாடி பிடித்தாற் போதும். நாளடைவில் பத்து விநாடியாக்கலாம். பிடித்த அளவு நேரம் தளரவும் விடவேண்டும். ஒரு வேளைக்கு எட்டுத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பால் கொடுக்கும் வேளையிலேயே செய்யலாம். அருகில் இருப்பவருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது இடைநிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம். தும்மல் வருமுன்னும் வாளியைத் தூக்குமுன்னும் ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

முதுகுக்கு: பாயில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுத்து, இடுப்பின் பின்புறத்தைத் தரையோடு மெல்ல அழுத்துங்கள். ஐந்து விநாடி, பத்துத் தடவை. சத்திரசிகிச்சையால் பிள்ளை பெற்றவர்கள் வயிற்றுப் பயிற்சியை வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

முப்பத்தொரு நாளும் காயம் அரைத்துக் கொடுத்துப் படுக்கவைக்கும் நம் பெரியவர்கள், துடக்குக் கழிந்த மறுநாளே நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள்! ஆறு வாரமாவது பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்க விடாதீர்கள். கணவன்மார் தண்ணீர் அள்ளினால் கௌரவம் குறைந்துவிடாது. கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் தவறு. வன்னி வெயிலில் அது மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் ஏணை மேலும் தளரும்.

கால் மரத்தல், காய்ச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், மலம் அடங்காமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குப் போங்கள். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் 2024இல் பெண்கள் நலனுக்கென ஒரு சிறப்பு நிலையமும் திறக்கப்பட்டிருக்கிறது. மற்றப்படி, பிள்ளையின் நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போகும் அன்றே குடும்பநல மாதுவிடம் இதையும் சொல்லிவிடுங்கள். அவர் இதை எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார்.